கிணற்று மின்சாரமும் வாக்கின் விலையும்

கவியரங்க மேடையில் கைத்தட்டலைத் தவறாது பெற்றுத் தரும் பொருள்கள் சில உண்டு. விலைபோன வாக்காளன் அவற்றுள் முதன்மையானவன். கட்சி கொடுத்தது, அவன் வாங்கினான், கருவூலம் வற்றியது என்று நாலு வரியில் முடிந்துவிடும் கதை அது. மின்சாரம் பற்றிய பேச்சிலும் இதே கதை வேறு உடை உடுத்தி வருகிறது. உழவர்க்கு விலையில்லா மின்சாரம் என்பது வாக்குக்குக் கொடுத்த கையூட்டு. அதனால்தான் மின் வாரியம் கடனில் மூழ்கியது. நிலத்தடி நீரும் வறண்டது. அரசியலாரும் கெட்டார், பணமும் கெட்டது, வாக்காளனும் கெட்டான். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது அக்கதையின் முடிபு.

இக்கூற்று முழுப்பொய் அன்று. எனினும், வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்கின் அதில் பாதி மட்டுமே உண்மை என்பது புலனாகும். அந்த மற்றைப் பாதியைக் காண்பதற்கு நெமிலியைச் சூழ்ந்த பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் ஏரிகளும் கிணறுகளும் தக்க சான்றுகளாக அமைகின்றன.

ஏரிகளின் நாடு

இராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி எனத் தொடரும் தோல் பதனிடும் நகரங்களின் நிரலுக்குக் கிழக்கே அமைந்தது நெமிலி. 2019ஆம் ஆண்டு வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட இராணிப்பேட்டை மாவட்டத்துள் இன்று அடங்குவது. இவ்வட்டாரத்தின் பழைய செல்வம் தோல் அன்று, நீர். 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குணபரன் என்னும் விருதுப்பெயர் பூண்ட முதலாம் மகேந்திரவர்மன் மகேந்திரவாடியில் ஒரு தனிப்பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்தான். மகேந்திர தடாகத்தின் கரையில் அக்கோயில் அமைந்ததை அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. கோயிலைக் குறிக்கும்போது ஏரியையும் சேர்த்துக் குறித்தமை, ஏரி வெட்டுதலும் அரசனின் புகழுக்குரிய செயலாகக் கருதப்பட்டதைக் காட்டும்.

9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது எனப்படும் காவேரிப்பாக்கம் ஏரி தமிழகத்தின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்று. அவனுடைய அவனிநாராயணன் என்னும் விருதுப்பெயரால் அவ்வூர் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1858ஆம் ஆண்டு வாலாஜா அருகே பாலாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணைக்கட்டு, காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி ஆகிய நான்கு கால்வாய்களின் வழியே இப்பழைய ஏரிகளுக்கு ஆற்று வெள்ளத்தைத் திருப்பியது. புதிய பொறியியல் பழைய ஏரிகளின்மேலேயே தன்னைக் கட்டிக்கொண்டது.

ஏரியைக் காப்பது யார் என்ற வினாவுக்கும் இந்நிலப்பகுதி விடை கண்டிருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. அவற்றில் ஏரி வாரியம் இடம்பெறுகிறது என்பதைப் பலரும் அறிவர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் ஓலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழப்பர் என்ற விதி அவ்வளவாக எடுத்துப் பேசப்படுவதில்லை. அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்க்கு மட்டுமே உரியது. அதனை இன்றைய மக்களாட்சியின் முன்னோடி என்று மிகைபடக் கூறுதல் பொருந்தாது. ஆயினும், பொது நீரைக் கையாள்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் 1100 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் ஏறியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

கவலையிலிருந்து பம்புசெட்டுக்கு

ஏரி எட்டாத நிலத்துக்குக் கிணறு. கிணற்றுக்குக் கவலை. சாலின் அடியில் கோத்த தோல் வாலும், சரிவில் இறங்கியேறும் ஒரு சோடி மாடும், பின்னால் நடக்கும் ஆளும் சேர்ந்ததே அன்றைய நீரேற்றும் எந்திரம். மாட்டின் வலிமைக்கு ஓர் எல்லை இருந்தது. ஆகவே கிணற்றின் ஆழத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. ஊற்று ஊறும் வரை மாடு நிற்கும். நீரின் அளவும் உழைப்பின் அளவும் ஒன்றையொன்று அறிந்திருந்தன.

1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் என நீர்மின் நிலையங்கள் எழுந்தன. சென்னை மாகாணத்தின் மின்துறை தொடக்கம் முதலே நகரத்தோடு நில்லாமல் சிற்றூர்களையும் நோக்கியது. 1957 சூலை முதல் நாளில் மின் வாரியம் அமைந்தபின் கம்பிகள் வயல்வரை விரைந்து நீண்டன. அந்நாளில் கிணற்றுக்கு மின் இணைப்புப் பெறுமாறு உழவரைத் தூண்டியது அரசே. மாடு விற்று மோட்டார் வாங்கினார் உழவர். கடன் வாங்கிக் கிணற்றை ஆழப்படுத்தினார். கவலைக்குத் திரும்பும் வழி அத்தோடு அடைபட்டது. பின்னாளில் மின்கட்டணம் ஏறியபோது எழுந்த சினத்தைப் புரிந்துகொள்ள இந்நிலையை மறவாதிருத்தல் வேண்டும்.

1973-74ஆம் ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளரும் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் இணைந்து வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களை ஆராய்ந்தனர். பி. எச். ஃபார்மர் பதிப்பித்து 1977இல் வெளிவந்த அந்நூலின் தலைப்பே 'பசுமைப் புரட்சியா?' எனப் பொருள்படும் வினா. புதிய நெல் வகைகளின் வெற்றி, கிணற்றில் எவ்வளவு நீர் உண்டு என்பதைப் பொறுத்தது என்பதும், நிலத்தடி நீர் மட்டம் பற்றிய அச்சமும் அந்நாளிலேயே பதிவாயின. அப்போது மின்சாரம் இலவசம் அன்று. நீர் வற்றலுக்கு இலவசம் ஒன்றே காரணம் என்பார் இக்கால வரிசையைக் கருதிப் பார்த்தல் நலம்.

பைசாவுக்காகச் சிந்திய குருதி

1970ஆம் ஆண்டு யூனிட் ஒன்றுக்கு 8 பைசாவாக இருந்த உழவு மின்கட்டணம் 10 பைசாவாக உயர்த்தப்பட்டது. கோவை வட்டாரத்து உழவர்கள் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் திரண்டனர். அவ்வாண்டு சூன் 19ஆம் நாள் பெருமாநல்லூரில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மூன்று உழவர்கள் மாண்டனர். கட்டணம் ஒரு பைசா குறைக்கப்பட்டது. 1972இல் மீண்டும் உயர்வு, மீண்டும் போராட்டம். கட்டை வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரச் சாலைகளை நிரப்பினர் உழவர். மீண்டும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, பலர் உயிரிழந்தனர். கொங்கு நாட்டில் தோன்றிய இவ்வியக்கம் தமிழக விவசாயிகள் சங்கமாக வளர்ந்து, வட மாவட்டங்களிலும் கிளை பரப்பியது.

அவர்கள் கேட்டது என்ன என்பதே இங்கு முதன்மையான வினா. எல்லாவற்றையும் இலவசமாகத் தருக என்று அவர்கள் தொடங்கவில்லை. விளைபொருளுக்குக் கட்டுபடியாகும் விலை, கடன் சுமையிலிருந்து விடுதலை, தாங்கக்கூடிய மின்கட்டணம் ஆகிய மூன்றும் ஒரே கோரிக்கையின் உறுப்புகளாக இருந்தன. நகரத்துக்கு அரிசி மலிவாகக் கிடைக்க வேண்டுமென்று நெல்லின் விலையை அடக்கும் அரசு, அந்நெல்லை விளைவிக்கும் செலவையும் அடக்க வேண்டும் என்பது அவர்தம் வாதம். அவர்கள் முன்வைத்தது ஒரு கணக்கு. அக்கணக்குச் சரியா தவறா என வாதிடலாம். அதனை இரத்தல் என்று கூறல் இயலாது.

உரிமை கொடையான வரலாறு

1982இல் நாராயணசாமி நாயுடு அரசியல் கட்சி ஒன்றைத் தொடங்கினார். தேர்தல் களத்தில் அது வேரூன்றவில்லை. தெருவில் அவர் பின்னே நின்ற உழவர், வாக்குச்சாவடியில் தத்தம் பழைய கட்சிகளுக்கே திரும்பினர். 1984 திசம்பர் 21ஆம் நாள், பொதுத் தேர்தலுக்கு மூன்று நாள் முன்னதாக, கோவில்பட்டியில் அவர் காலமானார். அதே ஆண்டில்தான் எம்.ஜி.ஆர். அரசு சிறு உழவர்க்கு விலையில்லா மின்சாரம் அளித்தது. 1990இல் கலைஞர் மு. கருணாநிதியின் அரசு அதனை உழவர் அனைவர்க்கும் விரித்தது.

கேட்டவர் கேட்டது கட்டுபடியாகும் விலையும் தாங்கும் கட்டணமும். கிடைத்தது கட்டணமே இல்லாத மின்சாரம். முன்னதை வழங்குவது அரிது; ஆண்டுதோறும் கணக்குப் பார்க்க வேண்டும்; மைய அரசோடு வாதாட வேண்டும். பின்னதை வழங்க ஓர் ஆணை போதும். வழங்கியவரின் பெயரும் நிலைத்து நிற்கும். இவ்வாறு உரிமையாகக் கேட்கப்பட்டது கொடையாக வந்து சேர்ந்தது. கொடை என்று ஆனபின் வாங்கியவன் இரவலன் ஆனான். வாக்காளனை இகழும் பேச்சு இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

இப்போக்குத் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அண்டை ஆந்திரத்தில் 2000 ஆகத்தில் மின்கட்டண உயர்வை எதிர்த்து ஐதராபாத்தில் நடந்த பேரணியில் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர்கள் பலியாயின. 2004 மே மாதம் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற ஒய்.எஸ். இராசசேகர ரெட்டி அன்றே உழவர்க்கு இலவச மின்சாரத்துக்குக் கையெழுத்திட்டார். குருதி சிந்திய பின்னர் ஆணை பிறந்தது என்னும் ஒற்றுமை நோக்கத்தக்கது.

கணக்கற்ற மின்சாரம்

கட்டணம் நீங்கியதன் பெருந்தீங்கு கருவூல இழப்பினும் பெரிது. அதுவே கணக்கின் இழப்பு. யூனிட்டுக்கு இவ்வளவு என்ற முறை, மோட்டாரின் குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்றாகி, பின்னர் அதுவும் இல்லையாயிற்று. மீட்டருக்கு வேலை இல்லாமற்போயிற்று. தமிழகத்தில் உழவு மின் இணைப்புகள் இன்று 23 லட்சத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றின் நுகர்வு அளந்து அறியப்படுவதன்று. மாதிரிக் கணக்கால் மதிப்பிடப்படுவது. உழவன் உண்மையில் எடுத்தது எவ்வளவு, கம்பியில் இழந்தது எவ்வளவு, களவுபோனது எவ்வளவு என்பன ஒரே தொகைக்குள் மறைந்து கிடக்கக்கூடும் என்பது ஆய்வாளர் நெடுநாளாகச் சுட்டிவரும் குறை.

கணக்கு மறைந்த இடத்தில் சமனின்மையும் மறைந்தது. இலவச மின்சாரம் கிணறு உடையவனுக்கே பயன் தரும். பெரிய மோட்டார் உடையவனுக்குப் பெரும்பயன் தரும். கிணறற்ற குத்தகையாளனுக்கும் நிலமற்ற கூலியாளுக்கும், சிறப்பாகச் சேரிகளில் வாழ்வோர்க்கும், அதில் நேர்ப்பங்கு இல்லை. அவர்களுக்குக் கிட்டியது குடிசைக்கு ஒற்றை விளக்கு. இவர்கள் அனைவரையும் 'இலவசத்துக்கு வாக்கை விற்றவர்' என ஒரே சொல்லால் குறிப்பது வசைக்கும் முறையாகாது.

நிலத்தடியிலும் இதுவே நேர்ந்தது. பாலாற்றுப் படுகையை நெடுங்காலம் ஆராய்ந்த பொருளியல் அறிஞர் ஜனகராஜன், கிணறுகளைப் போட்டியிட்டு ஆழப்படுத்தும் போக்கினை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். ஒருவன் கிணற்றுள் போர் இறக்கினால் அடுத்தவன் கிணறு வற்றும், அடுத்தவனும் கடன்பட்டு இறக்குவான், பணமுடையவன் எஞ்சுவான், சிறியவன் நீரையும் நிலத்தையும் இழந்து கடனோடு நிற்பான். மின்சாரம் இலவசம், போர் போடும் செலவு இலவசம் அன்று. இரவில் எப்போது மும்முனை மின்சாரம் வரும் என்று விழித்திருந்து மோட்டார் போட்ட உழவனைப் பார்த்து, ஒன்றும் கொடாமல் வாங்குபவன் என்று உரைப்பது அவன் வாழ்வை அறியாதார் கூற்று.

இலவசம் எனப் பெயர் பெறாத இலவசம்

நெமிலிக்கு மேற்கே உள்ள தோல் நகரங்களுக்குச் சென்றால் இவ்வாராய்ச்சி வேறொரு பக்கத்தையும் காட்டும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுவதுமோ பகுதியோ பயிரிடத் தகுதியற்றுப் போனது என்ற ஆய்வுச் செய்தியும், ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் நீர் செலவாகிறது என்ற கணக்கும் அத்தீர்ப்பில் உள்ளன. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிபெற்ற பெருந்தீர்ப்புகளுள் இதுவும் ஒன்று.

தோல் தொழில் பல்லாயிரவர்க்கு வேலை தருவது. அயல்நாட்டுச் செலாவணி ஈட்டுவது. அதன் பயனை மறுப்பார் இலர். ஆனால் பாலாறும் பக்கத்துக் கிணறும் அத்தொழிலின் கழிவைப் பல்லாண்டுகள் விலையின்றிச் சுமந்தன. அச்சுமைக்கும் மீட்டர் இல்லை. அதனை எவரும் இலவசம் என்று பெயரிட்டு அழைக்கவில்லை. உழவன் பெறுவது இலவசம்; தொழில் பெறுவது ஊக்கம். இச்சொல் வேறுபாட்டை நுனித்து நோக்கவேண்டியவர் சொல்லாட்சியில் வல்ல புலவரே அல்லரோ?

வாக்கின் விலை

2003இல் ஜெ. ஜெயலலிதாவின் அரசு உழவு மின்சாரத்துக்குக் குதிரைத்திறன் அளவில் மீண்டும் கட்டணம் விதித்தது. சிறு, குறு உழவர்க்கு அத்தொகை பணமாகத் திருப்பித் தரப்படும் எனவும் கூறியது. ஏட்டளவில் இதனைக் குறைகூறல் எளிதன்று. கணக்கும் இருக்கும், உதவியும் இருக்கும். ஆயினும் உழவர் அதனை நம்பவில்லை. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணி தமிழகத்தின் 39 தொகுதிகளையும் இழந்தது. அதே மே மாதத்தில் கட்டணம் விலக்கிக்கொள்ளப்பட்டது. தோல்விக்கு வேறு பல காரணங்களும் உண்டு. எனினும், உழவு மின்சாரத்தைத் தொட்டால் ஆட்சி போகும் என்ற பாடத்தையே கட்சிகள் கற்றன. உழவரும் ஒரு பாடம் கற்றனர்: மீட்டர் வந்தால் பின்னே கட்டணம் வரும். 2020இல் மைய அரசு வெளியிட்ட மின்சாரத் திருத்த வரைவு மானியத்தை நேரடிப் பணமாகத் தரும் முறையை முன்வைத்தபோது, தமிழகம் முதல் பஞ்சாப் வரை எழுந்த எதிர்ப்பின் வேர் இவ்வச்சமே.

ஆகவே ஐயம் ஒருபக்கத்தது அன்று. வாக்காளன் விலைபோவான் என ஆள்வோர் நம்புகின்றனர். ஆள்வோர் சொல் தவறுவர் என வாக்காளன் நம்புகிறான். இரு நம்பிக்கைகளும் ஒன்றையொன்று வளர்த்தன. இதன் கொடிய வடிவத்தை இம்மாவட்டத்தின் மண்ணே கண்டது. 2019 ஏப்ரலில் பெருந்தொகை ரொக்கம் கைப்பற்றப்பட்டதன் பின்னர், தேர்தல் ஆணையத்தின் பரிந்துரைப்படி, வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தலைக் குடியரசுத் தலைவர் ஒத்தி அழித்தார். பண வழங்கல் காரணமாக மக்களவைத் தேர்தல் ஒன்று கைவிடப்பட்டது இந்தியாவில் அதுவே முதன்முறை. அவ்வாண்டு ஆகத்து 5ஆம் நாள் மறுபடியும் வாக்குப்பதிவு நடந்தது.

இரவில் கதவிடுக்கில் வைக்கப்படும் பணத்தையும், பகலில் ஆணையாக வெளியாகும் மின் சலுகையையும் ஒன்றெனக் கொள்வது தவறு. முன்னது குற்றம், பின்னது கொள்கை. 2013 சூலையில் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றமும், தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகா எனக் கூறியது. கூடவே, அவற்றுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. கொள்கையைத் திருத்தலாம், வாதிடலாம், கணக்குக் கேட்கலாம். இரண்டையும் 'இலவசம்' என்ற ஒரே மூட்டையில் கட்டுவோர், குற்றத்தைச் சிறிதாக்கி, கொள்கையை ஆராயும் வாய்ப்பையும் அடைத்துவிடுகின்றனர்.

வாரியத்தின் கடன் மெய்யானது. 2017 சனவரியில் உதய் திட்டத்தில் தமிழகம் இணைந்தபோது மின் பகிர்மானக் கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு ஏற்றது. அதன் பின்னும் இழப்பு வளர்ந்து, திரண்ட தொகை 1.5 லட்சம் கோடியைக் கடந்தது. 2008 முதல் 2012 வரை தமிழகம் கண்ட மின்வெட்டையும், வீடுகளும் பட்டறைகளும் பல மணி நேரம் இருளில் கிடந்ததையும் எவரும் மறக்கவில்லை. வெளியிலிருந்து உயர்ந்த விலைக்கு வாங்கிய மின்சாரம், காலந்தாழ்ந்து முடிந்த மின் நிலையங்கள், தேர்தலை எண்ணித் தள்ளிப்போடப்பட்ட கட்டணத் திருத்தங்கள், வட்டி ஆகிய அனைத்தும் இக்கடனில் அடங்கும். எல்லாவற்றையும் கிணற்றடியில் கொண்டுபோய் இறக்குவது எளிய வழி. உண்மையான வழி அன்று.

புலவர் கடன்

தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய பாட்டு புறநானூற்றின் 18ஆம் பாட்டாக உள்ளது. போர்ப்புகழில் நின்ற வேந்தனிடம் அவர் நீரைப் பற்றிப் பேசினார். நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தேக்குக என்று கூறினார். வேந்தர் எல்லாரும் இப்படித்தான் எனச் சலித்து ஒதுங்கவில்லை. குடிகள் எல்லாரும் இப்படித்தான் என நகைக்கவுமில்லை. இன்னது செய், அதனால் இன்னது விளையும் என்று தெளிவுறச் சொன்னார்.

சலிப்பு அறிவின் அடையாளம் போலத் தோன்றும். 'எல்லாரும் திருடர்' என்பவர் ஏமாறாதவர் போல் காட்சி தருவார். ஆயின் எல்லாரும் திருடர் என்றபின் எந்தத் திருடனையும் தனியே பிடிக்க வேண்டியதில்லை. கணக்குக் கேட்க வேண்டியதுமில்லை. கணக்கைக் காட்ட விரும்பாதவர்க்கு இதனினும் வாய்ப்பான மனநிலை வேறில்லை. 2019இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தின் கீழ் சூரிய ஒளிப் பம்புசெட்டுகள் இன்று வயலுக்கு வருகின்றன. கதிரவன் ஒளிக்கும் கட்டணம் இல்லை. யாருக்கு முதலில், எத்தனை அடி ஆழத்திலிருந்து, எவ்வளவு நீர் என்ற வினாக்களை இப்போதே எழுப்பாவிடின், 1990இன் வரலாறு புதிய கருவியோடு திரும்பும்.

வாக்காளனைப் பற்றி இனி எழுதப்படும் கவிதையில் எள்ளல் இருக்கட்டும். அதனோடு இம்மூன்று வினாக்களும் இருக்கட்டும். நம் ஊரில் இறைக்கப்படும் மின்சாரம் எத்தனை யூனிட்? கிணற்று நீர் இன்று எத்தனை அடியில்? அதன் விலையை யார் கொடுக்கிறார்? ஏரி வாரியத்தாரிடம் கணக்குக் கேட்டுக் கல்லில் வெட்டியவர் வாழ்ந்த நிலம் நெமிலிக்குத் தொலைவில் இல்லை.